நானூறு குதிரைகளும் ஒரு துளி உப்புநீரும்

2007 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், டல்சா நகர நீதிமன்றத்துப் புல்வெளியைத் தோண்டி ஒரு காரை வெளியே எடுத்தார்கள். மாநிலம் தன் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடிய 1957-இல் புதைத்த கார் அது. பொன்னிறமும் வெள்ளையும் பூசிய புத்தம்புதிய பிளைமவுத் பெல்வெடெர். அணுகுண்டு விழுந்தாலும் தாங்கும் என்று சொல்லிக் கட்டிய கான்கிரீட் அறைக்குள் அதை இறக்கியிருந்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்துப் பெட்ரோல் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடுமோ என்ற கவலையில், கூடவே பெட்ரோலையும் வைத்து மூடினார்கள்.

அந்த அரை நூற்றாண்டில் குண்டு எதுவும் விழவில்லை. பெட்ரோலும் தீர்ந்துபோகவில்லை. ஆனால் அறையின் விரிசல் வழியே தண்ணீர் இறங்கியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் முன்னால் உறையை அகற்றியபோது, பழுப்பேறி உப்பிய இரும்புக்கூடுதான் மிச்சமிருந்தது. பூசியிருந்த பாதுகாப்புப் பசையும் சுற்றியிருந்த உறையும் பயன்படவில்லை. அதைத் தோண்டியெடுப்பதற்கு முன்பே, 1998-இல், அதே நகரம் பிளைமவுத் ப்ரௌலர் கார் ஒன்றை 2048-இல் திறப்பதற்காக அடைத்துவைத்தது. இம்முறை தரைக்கு மேலே.

பழைய அமெரிக்கக் கார்களைக் காப்பாற்ற விரும்பும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இந்தச் சம்பவத்தில் இருக்கிறது. காரைப் பூட்டிவைத்தால் மட்டும் அது பிழைத்துவிடாது. அது பிறந்த காலத்தின் இரும்பு, எண்ணெய், எரிபொருள், சாயம் ஆகியவற்றின் வேதியியல் தெரிந்த ஒருவர் அதன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். 1960-களில் பிறந்த ‘மஸில் கார்’ இனத்துக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஏனென்றால் அந்த இன்ஜின்கள் நம்பியிருந்த வேதிப்பொருள்களில் சிலவற்றை உலகமே விலக்கிவிட்டது. அதுவும் மிகச் சரியான காரணங்களுக்காக.

மஸில் காரின் சூத்திரம் எளியது. நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய நடுத்தர அளவுக் காரில், பெரிய காருக்குரிய வி-8 இன்ஜினை வைப்பது. இந்தச் சூத்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததாகப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது 1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜிடிஓ. அது ஒரு விதிமீறலில் பிறந்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் கட்டளை. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினர் பில் காலின்ஸ், ரஸ் கீ ஆகியோரும் 389 கன அங்குல இன்ஜின், அதாவது 6.4 லிட்டர் இன்ஜின், டெம்பெஸ்ட் காருக்குள் அப்படியே உட்காரும் என்று கண்டார்கள். தனிக் காராக அறிவித்தால் தலைமையகம் தடுக்கும். எனவே 295 டாலர் கூடுதல் வசதியாக, விலைப்பட்டியலின் ஒரு வரியாக அதை நுழைத்தார்கள். முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. அதன்பின் தலைமையகத்துக்கு மறுத்துப் பேச வழியில்லை.

போட்டி தொடங்கிவிட்டது. 1964 பிப்ரவரியில் டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி ஒரு பிளைமவுத் காரில் வென்றார். இரண்டாம், மூன்றாம் இடங்களும் பிளைமவுத்துக்கே. அவற்றுக்குள் இருந்தது கிரைஸ்லரின் 426 ஹெமி இன்ஜின். ஏழு லிட்டர் கொள்ளளவு கொண்ட அந்தப் பூதத்துக்கு ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் யானை. அதன் எரியறை அரைக்கோள வடிவம் கொண்டது. ஒரே பரப்பில் வால்வுகளை வரிசையாக நெருக்கிவைக்காமல், குவிமாடத்தின் இரு சரிவுகளில் எதிரெதிரே வைக்க அந்த வடிவம் இடம் தருகிறது. வால்வுகள் பெரிதாகலாம். காற்றும் எரிபொருளும் ஒரு பக்கம் நுழைந்து, புகை மறுபக்கம் தடையின்றி வெளியேறலாம். கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவர்ப்பரப்பு குறைவு என்பதால் வெப்ப இழப்பும் குறைவு. பந்தய அமைப்பான நாஸ்கார் அடுத்த ஆண்டே விதிகளை இறுக்கியது. பொதுமக்களுக்கு விற்காத இன்ஜினுக்குக் களத்தில் இடமில்லை என்றானதும், 1966-இல் கிரைஸ்லர் அதைச் சாலைக் கார்களிலும் வைத்து விற்றது. கடைக்குப் போய்ப் பணம் கட்டினால் பந்தய இன்ஜின் வீட்டுக்கு வந்தது. அமெரிக்க இளைஞர்கள் கிறுகிறுத்துப்போனதில் வியப்பில்லை.

காகிதத்தில் அச்சிட்ட குதிரைத்திறனைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அன்றைய எண்கள் இன்ஜினைத் தனியாக மேடையில் ஏற்றி, ஏர் ஃபில்டரோ சைலன்சரோ மின்விசிறியோ மாட்டாமல் அளந்தவை. காரில் இருப்பதுபோல் அவற்றையெல்லாம் மாட்டி அளக்கும் முறை 1972 மாடல்களில்தான் பொதுவானது. சாலை ஹெமியின் புகழ்பெற்ற 425 குதிரைத்திறன் புதிய முறையில் 350 ஆகச் சுருங்கியது. இன்ஜின் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. 1972-இல் எல்லாக் கார்களின் எண்களும் சடாரென்று சரிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். உண்மையான பலவீனமும் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

அந்தப் பலவீனத்தின் கதை ஈயத்திலிருந்து தொடங்குகிறது.

பிஸ்டன் மேலேறும்போது பெட்ரோல் கலந்த காற்றை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பதே அமுக்க விகிதம். அது கூடினால் அதே துளி பெட்ரோலிலிருந்து அதிக வேலை கிடைக்கும். 1970-ஆம் ஆண்டின் செவ்ரலே செவெல் காரில் வந்த எல்எஸ்6 இன்ஜின் 11.25 மடங்கு நசுக்கி, 450 குதிரைத்திறன் என்று அறிவித்துக்கொண்டது. ஆனால் இவ்வளவு நசுக்கும்போது கலவை சூடேறுகிறது. தீப்பொறியிலிருந்து கிளம்பிய சுடர் அறையின் மூலைக்கு வந்து சேர்வதற்கு முன்பே, அங்கிருக்கும் எரியாத கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்லும் அந்தச் சுத்தியல் சத்தம் தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

1921 டிசம்பரில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டனில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி இதற்கு மருந்து கண்டார். டெட்ராஎதில் ஈயம். சிறிதளவு கலந்தாலே போதும். சூட்டில் அது சிதைந்து நுண்ணிய ஈய ஆக்சைடுத் துகள்களாகிறது. தானாக வெடிப்பதற்குக் காரணமான சங்கிலி வினையை அந்தத் துகள்கள் இடையில் அறுத்துவிடுகின்றன. மஸில் கார்களின் உயர்ந்த அமுக்கம் முழுவதும் இந்த ஈயத்தின் மேல் நின்றது. சைலன்சர் வழியே வெளியேறிய ஈயம் குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று கணித்த கிளேர் பேட்டர்சன், அந்த அளவீட்டுக்காக ஆய்வகத்தை ஈயமின்றித் துப்புரவாக்க முயன்றபோதுதான் அது எங்கும் பரவியிருப்பதைக் கண்டார். பின்னர் பல ஆண்டுகள் தொழில்துறையோடு போராடினார். 1970-இன் தூய காற்றுச் சட்டம், 1971 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் தானே குறைத்துக்கொண்ட அமுக்கம், 1975-இல் பரவலாக வந்த, புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், இளம் ஓட்டுநர்களின் காப்பீட்டுக் கட்டண உயர்வு, 1973-இன் எண்ணெய்த் தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து மஸில் கார் யுகத்தை முடித்துவைத்தன. 1996 ஜனவரி 1 முதல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் அடியோடு தடை. பழைய கார்களை எவ்வளவு நேசித்தாலும், இந்தத் தடைக்காக எந்த ரசிகரும் வருந்த வேண்டியதில்லை.

ஆனால் ஈயம் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. புகை வெளியேறும் வால்வு கொதிக்கும் சூட்டில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை தன் இருக்கையில் வந்து மோதுகிறது. அந்த இருக்கை சாதாரண வார்ப்பிரும்பு. எரிந்த ஈயம் அங்கே மெல்லிய படலமாகப் படிந்து இரு உலோகங்களையும் பிரித்துவைத்திருந்தது. படலம் இல்லாமற்போனால் சூட்டில் வால்வும் இருக்கையும் நுண்ணளவில் ஒட்டிக்கொள்கின்றன, பிரியும்போது இரும்புத் துணுக்கு பிய்ந்து வருகிறது. நாளடைவில் வால்வு உள்ளே உள்ளே புதைகிறது. நெடுஞ்சாலையில் வேகமாகவே ஓடும் காருக்கு இது பெரிய ஆபத்து, எப்போதாவது மெதுவாக ஓடும் காருக்கு அவ்வளவு இல்லை. தேர்ந்த லேத் பட்டறைகள் பழைய இருக்கையைக் குடைந்தெடுத்து, கடினப்படுத்திய எஃகு வளையத்தை இறுக்கிப் பொருத்துகின்றன. வெளியே தெரியாத, ஆனால் இன்ஜினின் ஆயுளைக் கூட்டும் வைத்தியம்.

ஈயத்தைவிட ஓசையில்லாமல் மறைந்துகொண்டிருக்கும் இன்னொரு பொருள் உண்டு. பழைய கேம்ஷாஃப்டின் முட்டை வடிவ மேடுகள் தட்டையான டேப்பட்டின் மேல் வழுக்கிக்கொண்டே அதைத் தூக்கும். இன்றைய இன்ஜின்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் உருளும் சக்கரம் இருக்கிறது. வழுக்கும் இடத்தில் மயிரிழை அகலக் கோட்டின் மேல் வால்வு ஸ்ப்ரிங்கின் மொத்த அழுத்தமும் விழுகிறது. எண்ணெய் மட்டும் அதைத் தாங்காது. எண்ணெயில் கலந்திருக்கும், துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள்தான் தாங்குகிறது. இசட்டிடிபி என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். உராய்வும் சூடும் உச்சத்துக்குப் போகும் அதே புள்ளியில் அது சிதைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாக மாறுகிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தேயத் தேயத் தானே மீண்டும் வளர்கிறது. எங்கே அடி விழுகிறதோ அங்கே மட்டும் கவசம் முளைக்கும் இந்த ஏற்பாடு உராய்வியலின் அழகான சாதனைகளில் ஒன்று.

அதே பாஸ்பரஸ் புகையோடு போய்க் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் பிளாட்டினப் பரப்பை மூடிவிடுகிறது. ஆகவே எண்ணெய்த் தர விதிகள் அதைப் படிப்படியாகக் குறைத்தன. 2004-இன் புதிய தரத்தில் சாதாரண கார் எண்ணெய்களுக்கு 0.08 சதவீதமே உச்சவரம்பு. புதிய காருக்கு அது நல்லது. 1969 மாடல் கேமரோ காரில் புதிதாகப் போட்ட தட்டை டேப்பட் கேம்ஷாஃப்டுக்கு அது ஆபத்து. இன்ஜினை முதன்முதலாக ஓடவிடும் முதல் அரை மணி நேரத்திலேயே மேடுகள் மழுங்கிப்போகலாம். கடையில் கிடைக்கும் விலையுயர்ந்த எண்ணெயே சிறந்த எண்ணெய் என்று நம்பி ஊற்றியவர்களின் இன்ஜின்கள் இப்படி வீணாகியிருக்கின்றன. அதனால்தான் பழைய கார்க்காரர்கள் எண்ணெய் டப்பாவின் முகப்பைப் பார்ப்பதில்லை, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் துத்தநாக அளவைத் தேடுகிறார்கள்.

இவை எல்லாம் இன்ஜினுக்குள். வெளியே காத்திருக்கும் எதிரிக்குத் துரு என்று பெயர்.

தகட்டின் மேல் ஒரு துளி உப்புநீர் நிற்கிறது. அதன் விளிம்பில் காற்றின் ஆக்ஸிஜன் தாராளமாகக் கரைகிறது, நடுப்பகுதிக்கு அவ்வளவாக எட்டுவதில்லை. ஆக்ஸிஜன் பற்றாத நடுவில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே விளிம்புக்கு ஓடி, அங்குள்ள ஆக்ஸிஜனோடும் நீரோடும் வினைபுரிகின்றன. ஒரு துளிக்குள் முழு பேட்டரியே இயங்குகிறது. உப்பு மின்னோட்டத்துக்கு வழியை எளிதாக்குகிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூலிக் எவன்ஸ் 1920-களில் இதைச் சோதனையில் காட்டினார். வியப்பு என்னவென்றால், ஆக்ஸிஜன் குறைந்த இடம்தான் அரிக்கப்படுகிறது. காற்றுப் படும் பானெட்டின் நடுவே துரு தொடங்குவது அபூர்வம். ஸ்பாட் வெல்டிங் செய்த இரு தகடுகளின் இடுக்கில்தான் அது தொடங்குகிறது. விளைந்த துரு இரும்பைப் போல் இரு மடங்குக்கும் மேல் இடத்தை அடைப்பதால், உள்ளிருந்தே தகடுகளைப் பிளந்து தள்ளுகிறது. வெளியே சாயத்தில் சிறு கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே வேலை முடிந்திருக்கும்.

அனுபவசாலிகள் பழைய மஸ்டாங் காரைப் பார்க்கப் போனால் முதலில் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வழியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவார்கள். அங்கே இலைகள் சேர்ந்து ஈரம் தங்கி, தகடு ஓட்டையாகி, ஓட்டுநரின் காலடியில் தண்ணீர் சொட்டும். வினைல் துணி ஒட்டிய கூரை கொண்ட ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பின் கண்ணாடியின் கீழ்ச்சட்டத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். மஸ்டாங், சார்ஜர் போன்ற கார்களில் தனி சேசிஸ் கிடையாது, பாடியே காரின் எலும்பு. அங்கே துரு ஏறினால் அழகு மட்டும் போவதில்லை, காரே வளைந்துகொடுக்கும்.

பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு இந்தப் பேட்டரிக்குத் தீனி போடுகிறது. கார்களைப் பெற்ற டெட்ராய்ட் நகரின் அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, பரந்த உப்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. சாலைகளுக்கான உப்பு அங்கிருந்தும் போகிறது. மேலே கட்டிய கார்களைக் கீழே வெட்டிய உப்பு தின்றது. அதனால்தான் அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களில் வெயிலில் இருக்கைகள் வெடித்து, சாயம் வெளுத்துக் கிடந்த பாடிகளுக்கு இன்று அவ்வளவு கிராக்கி. துணியையும் சாயத்தையும் திரும்பச் செய்துவிடலாம், தொழிற்சாலையில் வெல்டிங் செய்த தகட்டை முடியாது.

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பு வேகமாக அரிக்கப்படத் தொடங்குகிறது. ஆகவே கவனமாகப் பராமரிக்கும் கார் அறைகளில் ஈரப்பதத்தை அதற்குக் கீழே வைக்கிறார்கள். மிகவும் வறண்டாலும் ரப்பரும் தோலும் வெடிக்கும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இன்ஜினை நின்ற இடத்தில் உறுமவிட்டு அணைப்பது நல்ல பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. இன்ஜின் முழுச்சூடு ஏறாவிட்டால் அது நீராவியாக வெளியேறாமல் எண்ணெயிலும் சைலன்சரிலும் தங்கி, அமிலத்தோடு சேர்ந்து உள்ளிருந்து அரிக்கும். கிளப்பினால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் கிளப்பாமலே விடலாம். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் 10 சதவீத எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் இளக்கும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

காரைப் பிழைக்கவைப்பது ஒரு கலை என்றால், அதை மாற்றாமல் விடுவது அதைவிடக் கடினமான கலை. 1968-இல் வெளிவந்த ‘புல்லிட்’ திரைப்படத்தில் ஸ்டீவ் மெக்வீன் சான் பிரான்சிஸ்கோவின் மேடுகளில் பறக்கவிட்ட கரும்பச்சை மஸ்டாங் இதற்குச் சிறந்த சாட்சி. 1974-இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒரு குடும்பம் அதைச் சுமார் 6,000 டாலருக்கு வாங்கியது. ஆசிரியையான மனைவி அதில் பள்ளிக்குப் போய்வந்தார். 1977-இல் மெக்வீனே விலைக்குக் கேட்டு எழுதிய கடிதத்துக்கும் குடும்பம் இணங்கவில்லை. கிளட்ச் பழுதான பிறகு பல பத்தாண்டுகள் ஓடாமலே கிடந்தது. 2018 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் உலகம் மறுபடி அதைப் பார்த்தபோது சாயம் மங்கி, தகடுகளில் துருவின் தடத்தோடு இருந்தது. படப்பிடிப்புக் கேமராக்களை மாட்டுவதற்காக அடியில் வெல்டிங் செய்த தாங்கிகளும் அப்படியே இருந்தன. டிங்கரிங் செய்து, பட்டி தடவி, பளபளக்கும் பச்சை அடித்திருந்தால் அந்தத் தாங்கிகளை யாராவது ‘சுத்தம்’ செய்திருப்பார்கள்; திரைப்பட வரலாறு துருத்தூளோடு குப்பைக்குப் போயிருக்கும். வரலாற்று வாகனப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. அதன் ஆவணங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போயின. 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸிம்மியில் அந்த மங்கிய நிலையிலேயே 37.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்த அளவு பணம் புழங்கும் இடத்தில் போலிகள் வராமலிருக்குமா? சாதாரண ஆறு சிலிண்டர் காரில் பெரிய இன்ஜினை ஏற்றி, அசல் என்று விற்பவர்கள் உண்டு. வாகன அடையாள எண்ணின் ஒரு பகுதி இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் அடிக்கப்பட்டிருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் கார் அசல், விலை பல மடங்கு. எண்ணைச் சுரண்டிவிட்டு வேறு எண் அடிப்பதும் நடக்கிறது. அங்கே உலோக அறிவியல் துணைக்கு வருகிறது. எண்ணை அடித்த அழுத்தத்தில் அதன் அடியிலுள்ள உலோகப் படிகங்களும் நசுங்கியிருக்கும். மேற்பரப்பைத் தேய்த்தாலும் ஆழத்து நசுங்கல் மறையாது; தகுந்த அமிலம் தடவினால் நசுங்கிய பகுதி வேறு வேகத்தில் அரிக்கப்பட்டு, அழித்த எண் மெல்ல எழும்பி வரும். செவ்ரலே இன்ஜின்களில் எண் அடிக்கும் திட்டின் மேல் தொழிற்சாலை இயந்திரம் விட்டுப்போன இணைகோட்டுக் கீறல்களையே நிபுணர்கள் உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். கீறல் இல்லையென்றால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். சாயத்தின் தடிமனைக் காந்த அளவுமானியால் அளக்கலாம். தொழிற்சாலைச் சாயம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கருவி திடீரென்று பல மடங்கு காட்டினால் அங்கே பட்டி ஒளிந்திருக்கிறது. கிரைஸ்லர் கார்களில் இருக்கை ஸ்ப்ரிங்குகளுக்குள் தொழிற்சாலைக் காகிதம் ஒன்று செருகியிருக்கும். எலி கடித்துப் பழுப்பேறிய அந்தத் தாளில் கார் எந்த இன்ஜினோடு, எந்த நிறத்தில் பிறந்தது என்பது குறியீடாக இருக்கும். அது கிடைத்துவிட்டால் உரிமையாளருக்குத் தலைகால் புரியாது.

இந்த ஆர்வம் பணக்காரர்களின் ஏலக்கூடத்தில் மட்டும் இல்லை என்பதற்கு டெட்ராய்டின் வுட்வர்ட் அவென்யூ சான்று. 1960-களில் சிக்னலுக்குச் சிக்னல் இளைஞர்கள் பந்தயம் ஓட்டிய அதே சாலையில், 1995-இல் ஃபெர்ண்டேல் என்ற சிற்றூர் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டப் பழைய கார் ஊர்வலம் நடத்தியது. இன்று ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் ஆயிரக்கணக்கான கார்கள் அங்கே ஓடிவருகின்றன. பளபளக்கும் கார்களுக்கு நடுவே, சாயம் தேய்ந்த முதல் உரிமையாளர் கார்களும் வருகின்றன. கூட்டம் அவற்றைச் சுற்றித்தான் நெடுநேரம் நிற்கிறது.

கார்புரேட்டரைக் காதால் கேட்டே சீராக்கத் தெரிந்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. கன்சாஸ் மாநிலத்தின் மெக்ஃபெர்சன் கல்லூரி 1976-இலேயே பழைய கார்களைச் சீரமைக்கும் படிப்பைத் தொடங்கியது. இப்போது அது நான்காண்டுப் பட்டப்படிப்பு. மாணவர்கள் தகடு அடிக்கவும், இருக்கை தைக்கவும், பழைய முறையில் சாயம் தெளிக்கவும், இன்ஜினைப் பிரித்துக் கோக்கவும் கற்கிறார்கள். வரலாறும் படிக்கிறார்கள். 2023-இல் அவர்கள் சீரமைத்த 1953 மாடல் மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ் கார், கலிபோர்னியாவின் பெபிள் பீச் பழைய கார்ப் போட்டியில் தன் பிரிவில் இரண்டாமிடம் பெற்றது.